புதுப் புகைக்குழாயும் பதினாலு வளைவும்

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஏலகிரி மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் எழிலரசியின் லாரி நின்றுவிட்டது. லாரியில் ஐந்து டன் தொழு உரம். லாரிக்குப் பின்னால், மலையைச் சுற்றிப் பார்க்க வந்த கார்களும் வேன்களும் வரிசையாக. எழிலரசி ஆக்சிலேட்டரை அழுத்தினாள். வண்டி கறுகறுவென்று புகையைக் கக்கியது, இரண்டு அடி ஏறியது, இருமியது, அடங்கிப்போனது. ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது. பக்கத்து சீட்டிலிருந்த அவளுடைய கூட்டாளி மெர்சி குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டாள்.

பின்னாலிருந்த காரிலிருந்து ஒருவன் இறங்கி வந்து செல்போனில் படம் எடுத்தான். "பொம்பளைங்க லாரி ஓட்டுனா இப்படித்தான்" என்று அவன் யாருக்கோ சொன்னது இரண்டு பேர் காதிலும் விழுந்தது. இரண்டு மணி நேரம் கழித்து மேலேயிருந்து சின்ன வேன்கள் வந்து உரத்தை மாற்றி ஏற்றிக்கொண்டு போயின. எழிலரசியும் மெர்சியும் காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

இந்த இரண்டு பேரும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்தவர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் வேலையை விட்டு, கூட்டாக ஒரு பழைய லாரியை வாங்கினார்கள். பதினேழு வருடத்து வண்டி. ஆறு சக்கரம், குட்டையான பாடி. எழிலரசி ஒடுகத்தூர்க்காரி, நிலக்கடலைக் காட்டில் டிராக்டர் ஓட்டிப் பழகி, பிறகு கனரக வண்டிக்கு லைசென்ஸ் எடுத்தவள். லோடு பேசுவது, தார்ப்பாய் கட்டுவது, சந்துக்குள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கையை ஆட்டி வழி சொல்வது எல்லாம் மெர்சி. ஊரில் சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இந்த வருடம் அது இழுக்க மறுத்தது. மேடு என்றாலே மூச்சு வாங்கியது.

மூன்று மெக்கானிக்குகள் பார்த்தாயிற்று. ஒருவர் டீசல் பம்பைக் கழற்றிச் சரிபார்த்தார். இன்னொருவர் டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாற்றினார். மூன்றாமவர் கிளட்ச் தட்டை மாற்றிவிட்டு, "வயசாய்டுச்சிம்மா, அவ்ளோதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஏலகிரியிலிருந்து ஆதிகேசவன் போன் செய்தார். மலைமேல் இருக்கும் உழவர் குழுவுக்குத் தலைவர் அவர். மார்ச்சில் உரம் வரவழைத்ததும் அவர்தான். எழிலரசிக்குப் போனை எடுக்கவே கூச்சமாக இருந்தது.

"எழிலரசிம்மா, நம்ம குழுவுக்குக் குளிர் ரூம் வந்துகீது. சூரிய மின்சாரத்துல ஓடறது. இரும்புப் பொட்டி மாதிரி இருக்கும். பேட்டரியோட சேத்து நாலரை டன். கொண்டாந்தவன் மலைக்கு அடியில பொன்னேரியில எறக்கி வச்சிட்டு, இந்த வளைவுல என் வண்டி திரும்பாதுன்னு போய்ட்டான்."

"வேற லாரி பாக்கலையாண்ணா?"

"பாத்தேன். எல்லாம் நீட்டு வண்டி. ஒவ்வொரு வளைவுலயும் ரெண்டு தபா பின்னால எடுத்துத்தான் திருப்பறானுங்க. நாலரை டன் பொட்டிய ஏத்திகினு மலையில பின்னால எடுக்கறது ஆவற வேலையா? அன்னிக்கு நீ எட்டு வளைவையும் ஒரே ஒடிப்புல திருப்பினியே, நான் பைக்குல பின்னாலயே வந்தேன். பாத்தேன். உன் வண்டிக்கு இழுவை மட்டும் இருந்தா நீதான் வரணும். பலா சீசன் ஆரம்பிச்சிடுச்சி. இந்த வருசமும் பழம் அழுகக் கூடாதும்மா. அடுத்த சனிக்கிழமைக்குள்ள முடியுமா?"

எழிலரசி தன்னையறியாமல் "முடியும்ணா" என்றாள்.

போனை வைத்ததும் மெர்சி அவள் முகத்தையே பார்த்தாள். "இன்னா முடியும்? எப்படி முடியும்? நீயும் நானும் பின்னால நின்னு தள்ளப் போறமா?"

"தெரியல. எட்டு நாள் கீது."

"சரி, ஒண்ணு பண்ணலாம். சைலன்சர் ஓட்டை விழுந்து கேபினுக்குள்ள புகை வருதில்ல, ஒரு வாரமா எனக்குத் தலைவலி. மொதல்ல அத வெல்டிங்ல பத்த வைப்போம். மத்தது அப்பறம் யோசிப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலை வாணியம்பாடி பைபாஸ் ஓரத்தில் இருந்த தபரேஸ் கடைக்குப் போனார்கள். தபரேஸ் சைலன்சர் வேலைக்குப் பேர்போன வெல்டர். கடை முகப்பில் பழைய சைலன்சர்கள் பந்தலில் சுரைக்காய் தொங்குகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்ததும் அவன் கண்கள் மின்னின.

"அக்கா, பத்த வைக்கறதெல்லாம் வேணாம். சைலன்சரையே தூக்கிடலாம். நேர் பைப்பு போட்டுத் தர்றேன். வாணியம்பாடியில நீங்க கிளம்புனா ஆம்பூர்ல கேக்கும். சும்மா சிங்கம் மாதிரி!"

"பாய்ஜான், சிங்கம் மலை ஏறுமா, இல்ல கத்திகினே நிக்குமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

தபரேஸின் தங்கை அம்பரீன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு ஷூ கம்பெனியில் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தாள். வாரநாட்களில் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அண்ணன் கடையில்தான் இருப்பாள். துப்பட்டாவை இறுகச் சுற்றிக்கொண்டு, கையில் தடித்த தோல் உறை மாட்டியபடி வந்தாள். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, புகை வரும் குழாய் வாய்க்கு நேராக உள்ளங்கையை நீட்டினாள்.

"ரேஸ் குடுங்கக்கா. இன்னும். இன்னும்."

இஞ்சின் அலறியது. அம்பரீன் கையை அப்படியே வைத்திருந்தாள்.

"சத்தம் ஜாஸ்தி, காத்து கம்மி" என்றாள். "இவ்ளோ பெரிய இஞ்சின் இந்த ரேஸுக்கு என் கையத் தள்ளி விடணும். ஊதுபத்திய அணைக்கற மாதிரி வருது. எத்தினி பேர் பாத்தாங்க இந்த வண்டிய?"

"மூணு பேர்."

"மூணு பேரும் உள்ள போறதப் பாத்துகீறாங்க. வெளிய வர்றத யாரும் பாக்கல."

எழிலரசி கேபினிலிருந்து எட்டி அவளைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லாத முதல் ஆள் இவள்.

"அளந்து பாத்துடலாம்" என்றாள் அம்பரீன். அளக்கும் கருவி என்று ஒன்றும் கடையில் இல்லை. ஆறடிப் பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்தாள். கண்ணாடி போல் உள்ளே தெரிகிற ரப்பர் குழாயை அதன்மேல் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று வளைத்துக் கம்பியால் கட்டினாள். இஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்கு அடுத்த பைப்பில் தபரேஸ் ஒரு துளை போட்டு, நட்டு வைத்துப் பற்றவைத்தான். சூடு தணிவதற்காகச் செம்புக் குழாய் கொஞ்ச தூரம்; அதன் முனையில் ரப்பர் குழாய். குழாயின் பாதி உயரம் வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் தெளிவாகத் தெரிவதற்கு, பக்கத்துத் தோல் கிடங்கிலிருந்து சிவப்புச் சாயம் ஒரு கரண்டி வாங்கி வந்து கலக்கினாள் மெர்சி. ஒரு கரண்டிக்கே தண்ணீர் ரத்தச் சிவப்பானது.

"புகைக்கு வெளிய போற வழி நல்லா இருந்தா தண்ணி கொஞ்சம்தான் ஏறும். அடைச்சிருந்தா அந்த அழுத்தம் தண்ணியத் தள்ளும். எவ்ளோ ஏறுதுன்னு பாப்போம்" என்று அம்பரீன் பலகையில் சாக்பீஸால் கோடுகள் போட்டாள். மெர்சி பலகைக்கு முன்னால் குனிந்து நின்று கவனித்தாள். எழிலரசி சீட்டில் ஏறி மெல்ல மிதித்தாள். சிவப்புக் கோடு நகர்ந்தது. ஒரு ஜாண் ஏறியது. இரண்டு ஜாண்.

"நல்லா மிதிங்கக்கா!"

எழிலரசி முழுசாக மிதித்தாள். சிவப்புத் தண்ணீர் விர்ரென்று ஏறிப் பலகையைத் தாண்டி, குழாய் வாயிலிருந்து பீய்ச்சி அடித்தது. மெர்சியின் முகம், சுடிதார், தபரேஸின் வெள்ளைச் சட்டை, சுவர், மேலே தொங்கிய சைலன்சர்கள் எல்லாம் சிவப்பு. அம்பரீன் கைகளைத் தட்டிக்கொண்டு குதித்தாள்.

"கிடைச்சிடுச்சி! கிடைச்சிடுச்சிக்கா! லோடு இல்லாமலே இந்தத் தள்ளு தள்ளுதுன்னா, மலையில நாலரை டன்னோட இஞ்சின் எப்படி மூச்சு விடும்? வாயப் பொத்திகினு ஓடச் சொன்ன மாதிரி!"

"சட்டை போச்சே" என்றான் தபரேஸ்.

"தோல்ல ஏறுன சாயம் சட்டையில ஏறாதா" என்று மெர்சி தன் முகத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

சைலன்சரைக் கழற்றி நீளவாக்கில் அறுத்தார்கள். உள்ளே இருந்த தடுப்புத் தகடுகள் இரண்டு இற்றுப்போய்ப் பிய்ந்து, மடங்கி, கரியோடு சேர்ந்து கெட்டியாக வழியை அடைத்திருந்தன. கட்டைவிரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. அது மட்டுமில்லை. அதற்கு முன்னால் வரும் பைப்பில், அச்சைச் சுற்றிப்போக வேண்டி எந்தக் காலத்திலோ யாரோ சுத்தியலால் அடித்து வளைத்த மூன்று இடங்களில் குழாய் நசுங்கிச் சப்பையாக இருந்தது. எழிலரசி அறுத்த சைலன்சருக்கு முன்னால் குந்திக்கொண்டு அந்தக் கரி மண்டிய தகடுகளையே பார்த்தாள். மார்ச் மாதம் அந்த வளைவில் வண்டி இருமி அடங்கியது நினைவுக்கு வந்தது. வண்டியின் மேல் தப்பில்லை, தன் மேலும் தப்பில்லை. எழுந்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அதான் சொன்னேன், இத தூக்கிக் கடாசிட்டு நேர் பைப்பு" என்று தபரேஸ் மறுபடி ஆரம்பித்தான்.

"சத்தம் வேற, இழுவை வேற பாய்ஜான். மலையில ஆஸ்பத்திரி கீது, ஸ்கூல் கீது. செக்கிங்ல புடிச்சா பேஜார் வேற. இந்த லாரி கம்பெனியிலயே இதவிட பெரிய இஞ்சினுக்கு வர்ற சைலன்சர் ஒண்ணு கீது. நாலு அங்குலப் பைப்பு. அத வாங்கி மாட்டுவோம். ஆனா பைப்பு வளைவுதான் முக்கியம். ஒரு இடத்துல கூட நசுங்கக் கூடாது. உன்னால முடியுமா?"

தங்கை வேண்டுமென்றே அப்படிக் கேட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது; தபரேஸைத் தவிர. "என்னால முடியாதா?" என்று அவன் சட்டைக்கையை மடித்தான்.

அந்த வாரம் எழிலரசியும் மெர்சியும் கடையிலேயே கிடந்தார்கள். தபரேஸ் குழாயை வளைக்கவே இல்லை. பூசணிக்காயைக் கீற்று போடுவது போல் சாய்வாகத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்துப் பற்றவைத்தான். முடிந்தபோது அந்த வளைவு உள்ளேயும் வெளியேயும் ஒரே வட்டமாக இருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துப் பிசிறெல்லாம் ராவினான். பிசிறு ஒன்று விரலைக் கிழித்தபோதுகூட விடவில்லை. இஞ்சின் ஆடும்போது குழாய் வெடிக்காமல் இருக்க, நெளிவு நெளிவாக மடங்கும் இரும்புக் குழாய் ஒன்றை அம்பரீன் வேலூரிலிருந்து வரவழைத்தாள்.

புதன்கிழமை மாலை வேலையிலிருந்து நேராக வந்தவள் பையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். கண்ணாடி இழையில் நெய்த, சூடு தாங்கும் துணி. "டர்போவிலருந்து வர்ற பைப்புக்கு இதச் சுத்தணும். சூடு உள்ளயே இருந்தா புகை வேகமாப் போவும், கேபினும் வேகாது. ஆனா சும்மா சுத்துனா நாலு நாள்ல அவுந்துடும். இன்னா பண்றதுன்னுதான் தெரியல."

எழிலரசியும் மெர்சியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அட்டை இருக்கா?" என்றாள் எழிலரசி.

அட்டையைக் குழாயின்மேல் சுற்றி அளவெடுத்தார்கள். ஷூவுக்கு வெட்டுவது போலவே வளைவுக்கு ஒரு துண்டு, நேருக்கு ஒரு துண்டு என்று மாதிரி வெட்டினார்கள். தோல் கிடங்குக்காரரின் தடித்த தையல் மிஷினில் உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் கை தானாக ஓடியது. இரும்பு நூலில் இரட்டைத் தையல். ஓரத்தில் வரிசையாகக் கண்ணிகள். அதில் கம்பியைக் கோத்து இழுத்துக் கட்டினார்கள். வளைவில் ஒரு சுருக்கம்கூட விழாமல் குழாயோடு ஒட்டிக்கொண்டது உறை.

"பாத்தியா, பைப்புக்கு ஷூ!" என்று கத்தினாள் மெர்சி. "பாலிஷ் போடலாமா?"

அம்பரீன் அதை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள். "எங்க கம்பெனியில வெளிநாட்லருந்து வாங்குற உறைகூட இவ்ளோ கச்சிதமா இல்லக்கா" என்றாள் மெதுவாக.

வியாழக்கிழமை மாலை எல்லாம் பூட்டி முடிந்தது. பலகையும் சிவப்புத் தண்ணீரும் மறுபடி வந்தன. இந்த முறை மெர்சி மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, குடையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள். எழிலரசி முழுசாக மிதித்தாள். சிவப்புக் கோடு நான்கு விரல்கடை ஏறியது. அங்கேயே நின்று லேசாக ஆடியது. அவ்வளவுதான்.

கூட்டம் ஓவென்று கத்தியது. அம்பரீன் குழாய் வாய்க்கு நேராகக் கையை நீட்டினாள். காற்று அவள் கையைப் பின்னால் தள்ளியது. புகை கண்ணுக்குத் தெரியவே இல்லை. சத்தம் தாழ்ந்து, கனமாக, அடிவயிற்றிலிருந்து வருவது போல் இருந்தது. தபரேஸ் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு எழிலரசியை இறங்கச் சொல்லிவிட்டு, தானே சீட்டில் ஏறி ஆறு தடவை ரேஸ் கொடுத்துக் கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலை புகைச் சோதனையில் வண்டி தேறியது. செங்கல் லோடு ஏற்றிக்கொண்டு வாணியம்பாடி மேம்பாலத்தில் ஏறிப் பார்த்தார்கள். எழிலரசி வழக்கமாகக் கியரைக் குறைக்கும் இடம் வந்தது, கை கியர்க்கம்பியைத் தொட்டது, தேவைப்படவில்லை. ஆனால் பாலத்தின் உச்சியில் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் அவள் காதில் பட்டது. மெர்சிக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து சொன்னபோது தபரேஸ் நம்பாமல் படுத்துப் பார்த்தான். டர்போவுக்கு அடுத்த இணைப்பில் ஒரு போல்ட் அரைச் சுற்று தளர்ந்து, இடையில் வைத்த கேஸ்கெட் தகட்டின் ஓரம் கருகியிருந்தது. புது கேஸ்கெட் வைத்து எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கினான். "உங்க காது காதில்லக்கா" என்றான்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பொன்னேரியில் கிரேன் அந்த இரும்புப் பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்தது. வண்டி ஒரு பெருமூச்சோடு அமுங்கியது. அன்றைக்கு லீவு போட்டிருந்த அம்பரீன் நடுவில் உட்கார்ந்தாள், மெர்சி ஜன்னல் ஓரம். தபரேஸ் பைக்கில் முன்னால் போய் ஒவ்வொரு வளைவிலும் எதிரில் வரும் வண்டிகளை நிறுத்தி வைப்பதாக ஏற்பாடு. அடிவாரச் சோதனைச் சாவடியில் இருந்தவர் லாரியை அடையாளம் கண்டுகொண்டார்.

"இந்த வண்டியா? மறுபடியுமா? இன்னிக்கு டூரிஸ்ட் கூட்டம் ஜாஸ்தி தாயி."

"பத்து மணிக்கெல்லாம் மலைமேல இருப்போம், பாருங்க சார்" என்றாள் மெர்சி. எழிலரசி கியரைப் போட்டாள்.

முதல் வளைவு. முழுசாக ஒடித்தாள். வண்டி ஒரே சுற்றில் திரும்பி நிமிர்ந்தது. இரண்டு. மூன்று. கண்ணாடியில் பார்த்தாள், பின்னால் வருகிற கார்கள் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் புகை இல்லை. நான்கு, ஐந்து என்று மெர்சி உரக்க எண்ண ஆரம்பித்தாள். அம்பரீன் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நடுவுலயே நிக்குது, நடுவுலயே நிக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எட்டாவது வளைவு தாண்டியது. ஒன்பதாவது வளைவு கண்ணில் பட்டது. எழிலரசி செகண்ட் கியரிலேயே ஒடித்து ஏறினாள். இஞ்சினின் குரல் கொஞ்சம் கனத்தது. அப்படியே இழுத்துக்கொண்டு போனது. சாலை நிமிர்ந்தது. பின்னால் போய்விட்டது ஒன்பது.

"ஆண்டவரே! ஆண்டவரே! ஆண்டவரே!" என்று மெர்சி டேஷ்போர்டை அடித்தாள்.

"மெதுவா அடி, ஒடஞ்சிடப் போவுது" என்றாள் எழிலரசி. அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

பதினோராவது வளைவுக்குள் பாதி நுழைந்தபோது தபரேஸ் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். மேலே, மேடு ரொம்பச் செங்குத்தாக இருக்கும் இடத்தில், சுற்றுலா வேன் ஒன்று குறுக்கே நின்றுகொண்டிருந்தது. யாருக்கோ வாந்தி, வேனை நிறுத்தி எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஒதுங்கிப் போக இடமில்லை. எழிலரசி பிரேக்கை மிதித்தாள். கை பிரேக்கையும் இழுத்தாள். நாலரை டன் பெட்டி பின்னால் இழுக்க, வண்டி முழுவதும் முனகியது. கயிறுகள் முறுக்கிக்கொண்டு கிரீச்சிட்டன.

மெர்சி யாரும் சொல்லாமலே கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

வேன்காரர்களைத் தபரேஸ் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றி, வேன் நகர்வதற்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் எழிலரசி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஓடுகிற வண்டியை ஓட்டிக்கொண்டு போவது வேறு. இந்த மேட்டில், இந்த லோடில், நின்ற வண்டியைக் கிளப்புவது வேறு. கிளம்பாமல் அணைந்தால் பின்னால் சரியும். பின்னால் வரிசையாகக் கார்கள், கார்களுக்குள் குழந்தைகள்.

"அம்பரீன், நீ எறங்கிக்கோ."

"நான் எறங்க மாட்டேன். நான் அளந்தது தப்பா இருந்தா நானும் உள்ளதான் இருக்கணும்" என்றாள் அம்பரீன். "மிதிங்கக்கா. அது மூச்சு விடும்."

எழிலரசி முதல் கியரைப் போட்டாள். ஆக்சிலேட்டரை அழுத்தி, கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டாள். இஞ்சின் சட்டென்று தாழ்ந்தது. வண்டி முன்னால் குனிந்து நடுங்கியது. மார்ச்சில், ஒன்பதாவது வளைவில், இப்படித் தாழ்ந்ததும்தான் அது இருமி அடங்கியது. இப்போது அடியிலிருந்து அந்தக் கனமான குரல் எழும்பியது. எழும்பி, நிமிர்ந்து, நின்றது. கை பிரேக்கை இறக்கினாள். ஒரு அங்குலம் கூடப் பின்னால் போகவில்லை. சக்கரம் உருண்டது.

"நிக்காத!" பின்னாலிருந்து மெர்சியின் குரல் மலை முழுக்க எதிரொலித்தது. "எனக்காக நிக்காத! போ! போய்கினே இரு!"

எழிலரசி நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது, மெர்சி கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலை நடுவில் ஓடி வருவது தெரிந்தது. பின்னால் நின்ற கார்களிலிருந்து ஜனங்கள் தலையை நீட்டிக் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். பன்னிரண்டு. பதின்மூன்று. அம்பரீன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்றில் கத்திக்கொண்டே வந்தாள். அது உருதுவா தமிழா என்று எழிலரசிக்குப் புரியவில்லை. பதினாலாவது வளைவை ஒடித்து நிமிர்ந்ததும் வானம் அகலமாகத் திறந்து, குளிர்ந்த காற்று கேபினுக்குள் புகுந்தது.

மேலே ஆதிகேசவனும் குழுவில் இருபது முப்பது பேரும் சாலையோரத்தில் காத்திருந்தார்கள். எழிலரசி வண்டியை ஓரம்கட்டி இறங்கினாள். லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆதிகேசவன் முதலில் லாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னாம்மா, வந்த சத்தமே தெரியல. நீ கீழதான் கீறன்னு நெனைச்சிகினு இருந்தேன்!"

ஐந்து நிமிடம் கழித்துத் தபரேஸின் பைக் வந்தது. பின்னால் மெர்சி, மடியில் கட்டையோடு. தலைமுடி கலைந்து, ஒரு கால் செருப்பு காணாமல் போயிருந்தது. பைக் நிற்பதற்குள் குதித்து, ஓடி வந்து எழிலரசியைக் கட்டிக்கொண்டாள். கட்டையை இன்னும் கீழே போடவில்லை என்பதால் அது எழிலரசியின் விலாவில் இடித்தது.

"வலிக்குதுடி" என்று எழிலரசி சிரித்தாள்.

"வலிக்கட்டும்!"

மதியத்துக்குள் சங்கிலிக் கப்பி போட்டுப் பெட்டியை இறக்கி, ஜல்லி பரப்பி வைத்திருந்த மேடையில் உட்கார வைத்தார்கள். கூரைமேல் வைக்கும் சூரிய மின் தகடுகளை அம்பரீனும் குழுவைச் சேர்ந்த இரண்டு பேரும் இணைத்தார்கள். நாலு மணிக்கு உள்ளே குளிர் பிடித்துவிட்டது. ஆதிகேசவன் கதவைத் திறந்து, முதல் பலாப்பழத்தைத் தானே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். குழுவில் இருந்த ஒரு பெண் அந்தப் பழத்துக்குக் குங்குமம் இட்டாள். எல்லோரும் உள்ளே போய் நின்று பார்த்தார்கள். மெர்சி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றுவிட்டாள். வெளியே வர மறுத்தாள்.

ஆதிகேசவன் எழிலரசியைத் தனியாக அழைத்தார். "எழிலரசிம்மா, இனிமே பழம் அழுகாது. ஆனா கீழ எறக்கணுமே. வாரத்துக்கு ரெண்டு லோடு, சென்னை மார்க்கெட்டுக்கு. சீசன் முடியற வரைக்கும். அதுக்கப்பறம் தேன், கொய்யா கீது. வேற வண்டி நான் பாக்கப் போறதில்ல. இன்னா சொல்ற?"

எழிலரசி திரும்பிப் பார்த்தாள். தபரேஸ் லாரியின் அடியில் படுத்து இணைப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தான். அம்பரீன் பக்கத்தில் குந்திக்கொண்டு டார்ச் அடித்தாள். மெர்சி குளிர் அறையின் வாசலில் வந்து நின்று இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"லோடு பேசறது அவதாண்ணா" என்றாள் எழிலரசி. "மெர்சி, இங்க வா. அண்ணன் இன்னாவோ கேக்கறாரு."

மெர்சி ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள்.